குளிர்கால சைக்கிள் உடை: துணியின் தடிமனை விட அளவு முக்கியம்

1/
குளிர் ஊர்ல சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "டாக்டர், எந்த பிராண்ட் ஜாக்கெட் நல்லது? எந்த கிளவுஸ் சூடா இருக்கும்?"

அளவைப் பத்தி யாரும் கேட்கிறதில்லை.

ஆனா விரல் மரத்துப்போகுது, கால் கட்டை மாதிரி ஆகுது, முதுகு ஜில்லுங்குதுன்னு வர்றவங்கள்ல பல பேருக்குக் காரணம் துணி இல்லை, அளவு. அதுக்குத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
நான் இருப்பது ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு 7 கி.மீ. வருஷம் முழுக்க சைக்கிள்தான்.

டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் எழ காலை 8.45 ஆகும். மதியம் 3.45க்கெல்லாம் போயிடும். டிகிரியைக் கேட்டா பயங்கரமா இருக்காது, 2, 3, 5ன்னு இருக்கும். ஆனா கூடவே மழை, காற்று. காய்ஞ்ச குளிரை விட இந்த நனைஞ்ச குளிர்தான் மோசம்.

3/
ஏன் மோசம்?

தண்ணீர் காற்றை விட சுமார் 25 மடங்கு வேகமா வெப்பத்தைக் கடத்தும். அதனால நனைஞ்ச துணி உடம்போட ஒட்டினா சூடு போயிட்டே இருக்கும். மழையில நனைஞ்சாலும் சரி, வியர்வையில நனைஞ்சாலும் சரி.

அடுத்தது காற்று. 0 டிகிரியில் மணிக்கு 20 கி.மீ. காற்று முகத்தில் அடிச்சா, தோலுக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 5 டிகிரி மாதிரி. சைக்கிள்ல போறப்போ அந்தக் காற்றை நாமளே உண்டாக்குறோம். காற்றே இல்லாத நாளிலும் இது உண்டு.

4/
இப்போ உடம்பைப் பாருங்க.

பெடல் மிதிக்கும்போது தசை செலவழிக்கிற சக்தியில் சுமார் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகும். மீதி முக்கால் பங்கும் வெப்பம். அதாவது நடு உடம்பு ஒரு அடுப்பு. நெஞ்சுக்கு ரெண்டு ஸ்வெட்டர் போட்டா பத்தே நிமிஷத்துல வியர்த்துக் கொட்டும்.

கையும் காலும் கதை வேற. ஹேண்டில்பார் மேல கை அசையாம இருக்கு, காற்று நேரா அதுலதான் அடிக்குது. குளிர்ந்தா உடம்பு முதல்ல செய்யிற வேலை, விரல்களுக்குப் போற ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை இதயம், மூளை பக்கம் சேமிக்கிறது.

5/
இன்னொரு விஷயம். விரல்ல தசை இல்லை. விரலை மடக்கி நீட்டுகிற பெரிய தசைகள் முன்கையில் இருக்கு, தசைநார் வழியாத்தான் விரலை இழுக்குது. அதனால மணிக்கட்டும் முன்கையும் குளிர்ந்தா, எவ்வளவு நல்ல கிளவுஸ் போட்டாலும் பிடி தளரும்.

விரல் தோலின் சூடு சுமார் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினா நுணுக்கமான வேலை தடுமாறும். ஈர ரோட்டில், இருட்டில், முன்னாடி பஸ் நிக்குது, பிரேக் பிடிக்கணும். அப்போ விரல் சொன்ன பேச்சு கேட்கணும் இல்லையா?

6/
சரி, உடை என்ன செய்யுது?

உடை சூடு தராது. நம்ம சூடு திருடு போகாம காவல் காக்கும், அவ்வளவுதான். காவல்காரன் துணியும் இல்லை, துணிக்குள்ள அசையாம நிற்கிற காற்று.

அதனால ரெண்டு வகையில் தப்பும்.

ரொம்ப இறுக்கம்: காற்று நிற்க இடம் இல்லை. போதாததுக்கு, ஏற்கெனவே சுருங்கின ரத்தக் குழாயைத் துணி இன்னும் அழுத்தும்.

ரொம்பத் தொளதொள: ஒவ்வொரு அசைவுக்கும் கழுத்து, கை, இடுப்பு வழியா சூடான காற்று வெளியே, குளிர்ந்த காற்று உள்ளே. கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி.

7/
ஒருத்தர் கதை சொல்றேன். அவங்க அனுமதியோட, அடையாளம் தெரியாதபடி மாத்தி.

தமிழ்நாட்டில் படிச்சு இங்கே வேலைக்கு வந்த ஜூனியர் டாக்டர். முதல் குளிர்காலம். கார் இல்லை, அறையிலிருந்து சைக்கிள். காலையில் வார்டுக்குப் போனதும் முதல் வேலை ரத்தம் எடுக்கிறது, ஐ.வி. ஊசி போடுறது.

ஒரு நாள் கேன்டீன்ல உட்கார்ந்து அழுதுட்டாங்க. "அக்கா, வெய்ன் விரலுக்குத் தட்டுப்படவே மாட்டேங்குது. உணர்ச்சி வர அரை மணி நேரம் ஆகுது. நேத்து ஒரு பாட்டிக்கு மூணு தடவை குத்திட்டேன். எனக்கு இந்த வேலைக்குக் கையே இல்லைன்னு தோணுது. ஊருக்கே போயிடலாமான்னு இருக்கு."

8/
விரலைப் பார்த்தேன். ரெண்டு விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, எல்லை கோடு போட்ட மாதிரி. கொஞ்ச நேரத்துல நீலம், அப்புறம் சிவந்து எரிச்சல்.

இதுக்குப் பேர் ரேனாட். 1862ல் மோரிஸ் ரேனாட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வச்சது. இளம் பெண்களிடம் சகஜம். பெரும்பாலும் ஆபத்தில்லாத வகைதான். குளிருக்கு ரத்தக் குழாய் அளவுக்கு மீறிச் சுருங்குது, அவ்வளவுதான்.

"கிளவுஸ் போடலையா?"ன்னு கேட்டேன். பையிலிருந்து மூணு ஜோடி எடுத்து வச்சாங்க. ஒண்ணை விட ஒண்ணு தடிமன். மூணும் ஒரே சின்ன சைஸ்!

9/
போட்டுக் காட்டச் சொன்னேன்.

கிளவுஸுக்குள்ள இன்னொரு காட்டன் கிளவுஸ். விரலை மடக்கவே முடியலை. நுனி துணியை முட்டுது. காற்று நுழையக் கூடாதுன்னு மணிக்கட்டுப் பட்டையை இறுக்கி இழுத்துக் கட்டியிருக்காங்க. கையை ஹேண்டில்பார் பிடிக்கிற மாதிரி நீட்டினா, ஜாக்கெட் கை மேலே ஏறி, மணிக்கட்டில் ரெண்டு விரல் அகலத்துக்குத் தோல் தெரியுது.

இதோட மைக்ரேனுக்கு புரோப்ரனோலால் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. அந்த வகை பீட்டா பிளாக்கர் மாத்திரை ரேனாடை அதிகப்படுத்தலாம்.

10/
செய்தது இவ்வளவுதான்.

கிளவுஸ் ஒரு சைஸ் பெரிசு. உள்ளே காட்டன் வேண்டாம், மெல்லிய கம்பளி போதும். பட்டையைத் தளர்த்தி, ஜாக்கெட் கைக்கு மேல கிளவுஸ் ஏறுகிற மாதிரி நீள மணிக்கட்டு. உள்சட்டை முழுக்கை. கிளம்பும் முன் வீட்டுக்குள்ளேயே கையைச் சூடாக்கிட்டு கிளவுஸ் போடணும். மாத்திரையை அவங்க டாக்டர் வேறொன்றுக்கு மாத்தினார். (நீங்களா புரோப்ரனோலாலைத் திடீர்னு நிறுத்தாதீங்க. அது ஆபத்து.)

ரெண்டு வாரம் கழிச்சு மெசேஜ்: "அக்கா, இன்னைக்கு முதல் குத்துலயே வெய்ன் கிடைச்சுடுச்சு."

ரேனாட் போயிடலை. ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடிக்கிற நாளில் இப்பவும் பஸ்லதான் வர்றாங்க. ஆனா ஊருக்குப் போற பேச்சு நின்னுடுச்சு.

11/
கிளவுஸ் அளவு பார்க்கும் முறை:

கட்டைவிரலை விட்டுட்டு, உள்ளங்கை அகலமான இடத்தைச் சுற்றி டேப் வைங்க. அதைக் கடையின் அளவுப் பட்டியலோட ஒப்பிடுங்க. பெண்கள் கட், ஆண்கள் கட் விரல் நீளத்தில் மாறும், ரெண்டையும் போட்டுப் பாருங்க.

போட்டதும் கையை நீட்டிப் பார்த்துட்டு "சரியா இருக்கு"ன்னு சொல்லாதீங்க. முஷ்டி மடக்குங்க. விரல் நுனியில் துணி முட்டக் கூடாது, கொஞ்சம் இடம் இருக்கணும். உள்ளங்கையில் மடிப்பு விழக் கூடாது. ரெண்டு விரலால் பிரேக் இழுக்க முடியணும்.

மடக்கும்போது முட்டினா அந்த சைஸ் உங்களுக்கு இல்லை. டிஸ்கவுண்ட்ல இருந்தாலும் இல்லை.

12/
ஒரு முக்கியமான விஷயம்: எல்லா மரத்துப்போதலும் குளிரால் வருவதில்லை.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்துப்போனா, அது உள்ளங்கை ஓரத்தில் அல்நார் நரம்பு அழுந்துவது. ஹேண்டில்பார் மேல பாரம் அதிகம், அல்லது கிளவுஸ் மடிப்பு அங்கே குத்துது.

கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மரத்து, ராத்திரியும் எழுப்புதுன்னா கார்பல் டன்னலா இருக்கலாம். சர்க்கரை, தைராய்டு பார்க்கணும்.

நிறம் மாறி வெள்ளையானா ரேனாட்.

தடிமனான கிளவுஸ் முதல் ரெண்டையும் தீர்க்காது. மோசமாக்கவும் கூடும்.

13/
கால்:

"குளிருதா? ரெண்டு சாக்ஸ் போடு." நம்ம எல்லாருக்கும் கிடைக்கிற அறிவுரை. ஷூ அதே ஷூதானே? உள்ளே இடம் எங்கே? ரெண்டாவது சாக்ஸ் பாதத்தை நெரிக்கும், ரத்தம் போகாது, கால் இன்னும் குளிரும்.

முதல் உலகப் போர்ல பதுங்குகுழி வீரர்களுக்கு வந்த பாத நோய் ஞாபகம் இருக்கா? உறையாத குளிர், ஈரம், இறுக்கமான பூட்ஸ். மூணும் சேர்ந்துதான் நரம்பைக் கெடுத்தது.

குளிர்காலத்துக்குத் தனி ஷூ, தடிமனான ஒரு கம்பளி சாக்ஸோட போட்டுப் பார்த்து வாங்குங்க. உள்ளே பத்து கால்விரலும் அசையணும். காற்றுக்கும் மழைக்கும் ஷூவுக்கு மேல உறை போடலாம். அதுவும் இறுக்கக் கூடாது.

14/
ஜாக்கெட்:

கண்ணாடி முன்னாடி நேரா நின்னு பார்க்கிறது கல்யாணத்துக்குக் கோட் வாங்கும் முறை. சைக்கிள்ல யாரும் நேரா நிற்கிறதில்லை.

கடையிலேயே குனிஞ்சு, கையை முன்னால் நீட்டுங்க. ரெண்டு இடம் பாருங்க: மணிக்கட்டு தெரியுதா? இடுப்புக்கு மேல முதுகு தெரியுதா? தெரிஞ்சா வேண்டாம். சைக்கிளுக்குன்னே தைச்ச ஜாக்கெட்ல பின்பக்கம் நீளமாவும், கை நீளமாவும், முன்பக்கம் குட்டையாவும் இருக்கும். நின்னு பார்த்தா அசிங்கமா இருக்கும், உட்கார்ந்தா பொருந்தும்.

உள்ளே போடப்போகிற சட்டையோடதான் போட்டுப் பார்க்கணும். டி-ஷர்ட் மேல போட்டுப் பார்த்து வாங்கிட்டு, ஜனவரியில் ஜிப் ஏறலைன்னு புலம்பக் கூடாது.

15/
நம்ம உடம்பு பற்றி ஒரு வார்த்தை.

நம்மில் பலருக்குக் கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால். பந்தய வீரர்களை மனசுல வச்சுத் தைச்ச ஐரோப்பிய ஜாக்கெட் வயித்துல ஏறாது. ரெண்டு சைஸ் பெரிசு எடுத்தா தோளும் கையும் பாய்மரம் மாதிரி படபடக்கும்.

தோளுக்குச் சரியான சைஸ் எடுங்க, ஆனா இடுப்பு தளர்வான கட். பல கம்பெனிகள் பந்தய கட், சாதாரண கட்னு தனித்தனியா வச்சிருக்காங்க. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை. வயிறு குறைஞ்சப்புறம் சைக்கிள் ஓட்டலாம்னு காத்திருந்தா ரெண்டும் நடக்காது.

16/
உள்சட்டை மட்டும் விதிவிலக்கு. அது உடம்போட ஒட்டி இருக்கணும். அப்போதான் வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளும். மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர். காட்டன் பனியன் நம்ம ஊர் வெயிலுக்கு அருமை, இங்கே ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.

கீழே: தோள்பட்டை வச்ச டைட்ஸ் இருந்தா இடுப்பில் எலாஸ்டிக் வெட்டாது, முதுகும் மூடியிருக்கும். பெண்களுக்கு டாய்லெட் சிரமம் உண்டு, கொக்கி கழட்டுகிற மாதிரி மாடல் கேளுங்க. திண்டு வச்ச டைட்ஸுக்குள்ள உள்ளாடை வேண்டாம், தையல் உரசிப் புண்ணாகும். திண்டு நகர்ந்தா அளவு பெரிசு. முழங்கால் பின்னால் மடிப்பு கடிச்சா அளவு சின்னது.

17/
தலை:

"பாதி சூடு தலை வழியாத்தான் போகுது" என்பது கட்டுக்கதை. தலையும் கழுத்தும் சேர்ந்து உடம்புப் பரப்பில் சுமார் 9 சதவீதம்தான். காதை மூடுங்க, போதும்.

தடிமனான குல்லா மேல ஹெல்மெட் போடாதீங்க. ஹெல்மெட் மேலே தூக்கி, விழும்போது நெற்றியைக் காக்காது. மெல்லிய தொப்பி போட்டு, ஹெல்மெட்டைத் திரும்ப அளவு வைங்க. புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடைவெளி, அதுக்கு மேல போகக் கூடாது.

18/
யார் கூடுதல் கவனமா இருக்கணும்?

சர்க்கரை நோயாளிகள்: பாத உணர்ச்சி குறைஞ்சிருந்தா ஷூ கடிக்கிறது தெரியாது. வீட்டுக்கு வந்ததும் சாக்ஸைக் கழட்டிப் பாருங்க.
ஆஸ்துமா: மெல்லிய கழுத்துத் துணியால் வாயை மூடி, மூச்சுக் காற்றைச் சூடாக்குங்க.
இதய நோய்: குளிர் ரத்த அழுத்தத்தை ஏத்தும். குளிர்காற்றில் நெஞ்சு இறுகினா "ஜாக்கெட் டைட்"னு நினைக்காதீங்க. நிறுத்துங்க, உதவி கூப்பிடுங்க.

விரல் வெள்ளையாவது 30 வயசுக்கு மேல புதுசா தொடங்கினா, ஒரு கையில் மட்டும் வந்தா, நுனியில் புண் வந்தா, மூட்டு வலியோ தோல் இறுக்கமோ சேர்ந்தா டாக்டரைப் பாருங்க.

19/
சுருக்கமா, கடையில் செய்ய வேண்டியது:

✅ உள்ளே போடப்போகிற துணியோட போட்டுப் பாருங்க
✅ குனிஞ்சு, கை நீட்டிப் பாருங்க
✅ முஷ்டி மடக்குங்க, பிரேக் இழுக்குங்க
✅ கால்விரல் பத்தும் அசையுதா பாருங்க
✅ வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் ஓட்டிட்டு, கழட்டினதும் தோலைப் பாருங்க. அழுத்தின தடம் ஆழமா இருந்தா மாத்துங்க

கிளம்பின முதல் பத்து நிமிஷம் லேசா குளிரணும். வாசல்லயே கதகதப்பா இருந்தா, பாதி வழியில் வியர்த்து நனைஞ்சுடுவீங்க.

20/
உங்க வீட்டுப் பிள்ளைகள் யாராவது இந்த வருஷம் குளிர் ஊருக்குப் போறாங்கன்னா இதை அனுப்பி வைங்க. நம்ம ஊர்லயே "கை கொள்ளும்"னு உத்தேசமா ஒரு கிளவுஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பாதீங்க. அந்தக் காசைக் கையில் கொடுங்க. அங்கே போய், முஷ்டி மடக்கிப் பார்த்து வாங்கட்டும்.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. டியூட்டி முடிஞ்சதும் பதில் போடுறேன்.