அளத்து வெயில்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம் தாண்டினால் உப்பளங்கள். சித்திரை வெயிலில் அந்தப் பாத்திகளைக் கண்ணைச் சுருக்காமல் பார்க்க முடியாது. அங்கே உப்பு வாருகிறவர்கள் மழைக்காலம் போக மற்ற மாதமெல்லாம் கண்ணைச் சுருக்கியபடிதான் இருக்கிறார்கள். நாற்பது வயதுக்குள் அந்தச் சுருக்கம் கடைக்கண்ணிலேயே தங்கிவிடுகிறது.

அளத்து வேலைக்குப் போகும் ஓர் அக்கா சொன்னார்: “எனக்கு நாப்பத்திரண்டுதான் ஆவுது. பஸ்ல ஏறுனா கண்டக்டர் ‘உள்ள போங்க ஆச்சி’ங்காரு.” சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையின் கையைச் சுருட்டி ஏற்றிக் காட்டினார். மணிக்கட்டுக்குக் கீழே தோல் கருத்துத் தடித்து, விரல் கணுக்களில் வெடித்திருந்தது. சட்டை மறைத்த இடம் இளம்பெண்ணின் கை போல வழவழவென்று இருந்தது. அவருடைய நிஜ வயதைச் சொன்னது அந்த மேல்கைதான்.

வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்களில் ‘பி’ வகை மேல்தோலைச் சுடும். ‘ஏ’ வகை இன்னும் ஆழம் இறங்கி, தோலைத் தொய்யாமல் பிடித்துவைத்திருக்கும் கொலாஜன், எலாஸ்டின் இழைகளைக் குலைக்கும். ஜன்னல் கண்ணாடியும் அதை முழுதாகத் தடுப்பதில்லை. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படத்தை அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று 2012இல் வெளியிட்டது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் ஆழமாகச் சுருங்கித் தொங்கியிருந்தது. நம் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டி வருகிறவர்களுக்கு அந்த ஜன்னல் வலப்பக்கம்.

கருத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது என்பார்கள். மெலனின் ஓரளவு காக்கும், சுருக்கம் தாமதமாக வரும், மெய்தான். ஆனால் திட்டுத்திட்டான கருமை முந்திக்கொள்ளும். அளத்தில் மேலிருந்து விழுகிற வெயிலோடு, வெள்ளை உப்பில் பட்டுக் கீழிருந்து எழும்பும் வெயிலும் சேர்கிறது. தலைத்துண்டை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் மோவாய்க்கு அடியில் சுடுகிறது. போதாததற்கு உப்புத்தண்ணீர் தோலின் எண்ணெய்ப் பசையைக் கழுவி, ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிய வெடிப்பில் காலையில் மறுபடியும் உப்பு ஏறும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு அடி வாங்குவது பிடரி. குனிந்து வலை இழுத்தே அந்தத் தோல் கட்டம் கட்டமாக வரி விழுந்துவிடுகிறது. இங்கே முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தண்ணீரும் பெரிய மறைப்பு இல்லை: அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் விழும் புற ஊதாவில் 40 சதவீதம் இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முதுமையை விரட்டுவதாகச் சொல்லும் கிரீம் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வெயில் தடுக்கும் கிரீமை வியர்வைக்கு நடுவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பூச வேண்டும். அளத்துக் கூலிக்குக் கட்டுமா? பாத்திக்குப் பக்கத்தில் நிழற்கொட்டகை, கைகால் கழுவ நல்ல தண்ணீர், கறுப்புக் கண்ணாடி, உச்சி வெயிலுக்கு முன் வேலை முடிக்கும் ஏற்பாடு: இதெல்லாம் முதலாளிமார் செய்து தர வேண்டியவை.

கையுறை போடலாமே என்று அந்த அக்காவிடம் கேட்டேன். “ஒருதரம் குடுத்தாங்க. குட்டைக் கையுறை. உள்ள தண்ணி எறங்குனா வெளிய வராது, கை வெந்துபோவுது. முழங்கை வரைக்கும் இருந்தா நாங்க ஏன் போடாம இருக்கோம்?”