பனியாற்றின் முன் ஒரு காலுறை

வான்கூவரில் கிளம்பி அலாஸ்கா போகும் கப்பல். மேல்தளத்தின் முன்பக்கத்தில் மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட கூடம். காலைச் சிற்றுண்டி முடிந்த கையோடு அந்த அம்மாள் வந்து ஜன்னலோரம் உட்காருகிறார். எழுபதைத் தாண்டியிருக்கும். தோளில் துணிப்பை. உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்புகிறார். சாம்பல் நிறக் கம்பளி நூல்கண்டு, முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல், அளவு நாடா, குரோஷே ஊசி ஒன்று, கண்ணிக்கு அடையாளமாக மாட்டும் வளையங்கள் அடைத்த பழைய மாத்திரை டப்பா.

கையில் மூங்கில் ஊசி. இரண்டு முனைகளையும் மெல்லிய பிளாஸ்டிக் கம்பி இணைக்கிறது. கப்பலுக்கு இதுதான் சரி. நீளமான தனி ஊசி கைதவறினால் உருண்டு யார் காலடிக்கோ போய்விடும். இதில் ஒரு முனை நழுவினாலும் கண்ணிகள் கம்பியிலேயே நிற்கும்; மூங்கிலில் நூல் வழுக்குவதும் இல்லை. குயீன் சார்லட் சவுண்ட் என்ற திறந்த கடலைத் தாண்டியபோது கப்பல் நன்றாகவே ஆடியது. அப்போது கண்டைக் காபிக் கோப்பைக்குள் வைத்துவிட்டுப் பின்னிக்கொண்டிருந்தார். தீவுகளுக்கு நடுவே புகுந்த பிறகு தண்ணீர் ஏரி மாதிரி கிடக்கிறது. கோப்பைக்கு வேலையில்லை.

பின்னுவது காலுறை. 100 கிராம் கண்டில் ஏறக்குறைய 400 மீட்டர் நூல் இருக்கும். ஒரு ஜோடிக்குப் போதும். ஒரு வாரப் பயணத்துக்கு அளவான வேலை. ஸ்வெட்டர் என்றால் நூலுக்கே பாதிப் பெட்டி போயிருக்கும். நிறத்தையும் யோசித்துத்தான் எடுத்திருக்கிறார். கறுப்பிலும் கருநீலத்திலும், அறையின் மங்கல் விளக்கில், கண்ணி கண்ணுக்குத் தெரியாது.

பத்து மணிக்கு மற்றவர்கள் சேர்கிறார்கள். பின்னுகிறவர்கள் கூடும் நேரம் என்று கப்பலின் அன்றைய நிகழ்ச்சித் தாளில் போட்டிருக்கிறது. யாரும் யாரையும் முறைப்படி அறிமுகம் செய்துகொள்வதில்லை. முதலில் ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் தொட்டுப் பார்க்கிறார், பிறகுதான் ஊர் எது என்ற பேச்சு. ஒரு பெண், கழுத்தில் தொங்கவிட்டிருந்த நூல்வெட்டியை விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று வருத்தப்படுகிறார். அமெரிக்க விமானத்தில் ஊசியைக் கைப்பையில் கொண்டுபோகலாம். உள்ளே பிளேடு வைத்த அந்த வட்டத் தகட்டுக்குத்தான் அனுமதி இல்லை.

இன்னொருவர் காகிதப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். உள்ளே பழுப்பு நிறத்தில் சின்னஞ்சிறு கண்டு. கிவியுட். வடதுருவப் பக்கம் வாழும் மஸ்க் ஆக்ஸ் என்ற சடை விலங்கின் அடிமயிரில் நூற்றது. வெந்நீர் பட்டாலும் சுருங்காத மயிர் இது. விலை மிக அதிகம். ஆங்கரேஜில் 1969 முதல் ஊமிங்மாக் என்ற கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. அலாஸ்காவின் தொலைதூரக் கிராமத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே இந்த நூலில் பின்னி அங்கே அனுப்புகிறார்கள், ஊருக்கு ஊர் தனி வடிவம். கண்டு கைமாறுகிறது. வாங்கிய ஒவ்வொருவரும் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவருக்குத் தருகிறார்கள்.

பின்னால் ஒரு சிறுமி நிற்கிறாள். பன்னிரண்டு வயதிருக்கும். கையில் போன், இங்கே சிக்னல் கிடையாது. கொஞ்ச நேரமாக அம்மாளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மாள் எதுவும் கேட்கவில்லை. பைக்குள் கைவிட்டு, அடியிலிருந்து தடிமனான மர ஊசி ஒரு ஜோடியும் மஞ்சள் நூல் ஒரு கண்டும் எடுக்கிறார். இருபது கண்ணி போட்டு, முதல் வரிசையைப் பின்னிக் காட்டி, ஊசியை அவள் கையில் கொடுத்து, பக்கத்து நாற்காலியைக் காலால் லேசாகத் தள்ளுகிறார். அவள் உட்காருகிறாள். மூன்றாம் வரிசையில் ஒரு கண்ணி நழுவி, கீழே இரண்டு வரிசைவரை ஏணிபோல் பிரிந்துவிடுகிறது. அம்மாள் குரோஷே ஊசியை நுழைத்து, ஒவ்வொரு படியாகக் கொக்கியில் இழுத்து மேலே ஏற்றுகிறார். அதையே மறுபடி பிரித்துவிட்டு, கொக்கியை அவளிடமே நீட்டுகிறார். இரண்டாவது முயற்சியில் ஏறிவிடுகிறது.

மதியத்துக்கு முன்னால் கப்பல் மார்ஜரி பனியாற்றின் எதிரே வந்து நிற்கிறது. கிளேசியர் பே இது. 1794-இல் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது விரிகுடா ஒரு சின்ன உள்வாங்கல்தான், அதற்கு மேல் பனி. இரண்டேகால் நூற்றாண்டில் அது 100 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. காலையில் படகில் வந்து ஏறிய தேசியப் பூங்கா ரேஞ்சர் ஒலிபெருக்கியில் இதைச் சொல்லும்போது கூடமே அமைதியாகிறது. எதிரே தண்ணீருக்கு மேல் சுமார் 75 மீட்டர் உயரத்துக்கு நீலம் பாரித்த பனிச்சுவர்.

எல்லோரும் வெளித்தளத்துக்கு ஓடுகிறார்கள். படம் எடுக்கிறார்கள். குளிர் ஏற, அரைமணி நேரத்துக்குள் பாதிப் பேர் சூப் குடிக்க உள்ளே போய்விட்டார்கள். அம்மாள் ஜன்னலோரத்தை விட்டு எழவே இல்லை. காலுறையின் குதிகால் முடிந்துவிட்டது. இனி பாதம், ஒரே மாதிரி சுற்று, குனிந்து பார்க்கவே வேண்டாம். விரல்கள் தம் போக்கில் ஓடுகின்றன. கண் பனியிலேயே இருக்கிறது. சிறுமியால் அப்படி முடியாது. ஒரு கண்ணிக்கு ஒருமுறை மேலே பார்க்கிறாள்.

சுவரின் இடது ஓரத்தில் ஒரு துண்டு சரிகிறது. விழுந்ததைக் கண் பார்த்த பிறகுதான் ஓசை வந்து சேர்கிறது. இந்த மண்ணின் டிலிங்கிட் மக்கள் அதை வெண்ணிற இடி என்கிறார்கள். சத்தம் கேட்டுத் திரும்பியவர்களுக்கு நுரையும் அலையும்தான் மிச்சம். இருவரும் முழுவதையும் பார்த்தார்கள். கப்பலில் வந்தும் ஊசியும் நூலுமா என்று கேட்பவர்கள் உண்டு. கைக்கு வேலை இருந்ததால்தான் அந்த அம்மாள் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் அலுக்காமல் உட்கார்ந்து பார்த்தார் என்பது என் முடிவு.

பின்னத் தெரிந்தவர்கள் கப்பல் ஏறும்போது தடித்த ஊசி ஒரு ஜோடியும் வெளிர் நிற நூல் ஒரு கண்டும் கூடுதலாக எடுத்துப் போங்கள். கேட்காமலே வந்து நிற்பவர் யாராவது இருப்பார்.