பாதியில் நின்ற பாட்டு

ஆர்மோனியத்தின் துருத்தியில் கிழிசல். தோல் ஒட்டிக் காய இரண்டு மணி நேரமாவது ஆகும், வேலை இருந்தால் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார் கடைக்காரர். வெளியே சித்திரை வெயில் கொளுத்தியது. ராயப்பேட்டைச் சந்தில் இருந்த அந்தச் சின்ன இசைக்கருவிக் கடையின் மூலையில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உத்தரத்திலிருந்து கிட்டார்கள் வாழைத்தார்களைப் போல வரிசையாகத் தொங்கின. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். யார் வந்து நின்றாலும் ஒன்றை இறக்குவார், ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்பார், திருகாணியை அரைச்சுற்று முறுக்குவார், கையில் கொடுப்பார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

முதலில் வந்தவன் சாப்பாடு டெலிவரி செய்யும் பையன். முதுகில் சதுரப் பை, நகக்கண்ணில் வண்டி மசி.

"அண்ணே, அஞ்சே நிமிஷம்."

விலையை அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஓரத்தில் இருந்த பழுப்பு நிறக் கிட்டாரைத் தானே எடுத்துக்கொண்டான். இடது கை விரல் நுனிகளில் தந்தி அழுந்தி அழுந்திக் காய்ப்பு ஏறியிருந்தது. சும்மா நான்கு முறை மீட்டினான். பிறகு ஒரு மூச்சு நிதானித்தான். தொடங்கியது 'என் இனிய பொன் நிலாவே'.

வாய் திறந்து பாடவில்லை. விரல்களே பாடின. பல்லவி போய், முதல் சரணம் முடிந்து, மறுபடி பல்லவியும் முடிந்த இடத்தில் கைபேசி கீச்சிட்டது. ஆர்டர். கிட்டாரைப் பெஞ்சின் மேல் சாய்த்து வைத்துவிட்டு ஓடினான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கடைக்காரர் அந்தக் கிட்டாரைத் திரும்ப எடுத்து மாட்டவில்லை.

அடுத்து ஒரு அப்பாவும் மகனும். அப்பா காக்கிச் சட்டை, ஆட்டோ வாசலில் நின்றது. மகன் பள்ளிச் சீருடையில். அப்பா விரல் முட்டியால் கிட்டாரின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல. பையன் கை பெஞ்சில் கிடந்த பழுப்புக் கிட்டாருக்குப் போனது.

"அது வேணாம் தம்பி. வேற எடுத்துத் தரேன்."

வேறொன்று இறங்கியது. நாலாயிரம் என்றார். அப்பா மூவாயிரத்தில் ஆரம்பித்தார். பேரம் நடக்கும்போதே பையன் மீட்டத் தொடங்கினான். அதே பாட்டு. ஒரு விரல் தவறி, திரும்ப முதலிலிருந்து வந்தான். அப்பாவின் பேச்சு பாதியில் நின்றது.

"டேய், இந்தப் பாட்டு உனக்கு எப்படிடா தெரியும்?"

"கிளாஸ்ல மொதப் பாட்டே இதாம்ப்பா."

அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். உதடுகள் மட்டும் பாட்டோடு அசைந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து, "கவர் மட்டும் சேத்துக் குடுத்துருங்க" என்றார். பேரம் அதோடு சரி. ஆட்டோவின் பின்சீட்டில் கிட்டாரை நிமிர்த்தி உட்காரவைத்து, மகனைப் பக்கத்தில் அமர்த்திவிட்டு வண்டியை எடுத்தார்.

1980 நவம்பரில் வந்த 'மூடுபனி'யின் பாட்டு இது. 1976-இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கிய இளையராஜாவுக்கு நான்கே ஆண்டுகளில் அது 100-ஆவது படம். எழுதியவர் கங்கை அமரன், பாடியவர் யேசுதாஸ். இந்தப் பாட்டில் கிட்டார் பக்கவாத்தியம் அல்ல. திரையில் பிரதாப் போத்தனின் மடியில் அதுதான் இருக்கிறது, மெட்டும் அதன்மேல்தான் நடக்கிறது. நடபைரவியின் சாயல், அதாவது மேற்கத்திய இசையில் இயற்கை மைனர் எனப்படும் சுரவரிசை. விரல் மாற்ற அவகாசம் தரும் நிதானமான ஓட்டம். புதிதாகக் கற்பவனின் கை பதறுவதில்லை. மூன்று தலைமுறைக்கு இது முதல் பாடமாகிப்போனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் படத்தில் அது வரும் இடம் அச்சம் சூழ்ந்தது. பாடுகிறவன் கொலைகள் செய்த மனநோயாளி. கேட்கிறவள் அவன் கடத்தி வந்த பெண். அந்தப் பெண்ணாக நடித்த ஷோபா, படம் திரைக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே, 1980 மே முதல் தேதி, 17 வயதில் இறந்துபோனார். இயக்கிய பாலு மகேந்திரா 2014-இல் போனார், பிரதாப் 2022-இல். 2025-இல்கூட, யுவன் சங்கர் ராஜா இதைப் புதுப் படத்துக்காக மீண்டும் உருவாக்கியதை ஒட்டி, உரிமை யாருக்கு என்ற வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்தது. இந்தக் கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு இவை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தக் காட்சியின் பயம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. பாட்டிலிருந்த பிரியம் மட்டும் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்திருக்கிறது.

நாலரை மணிக்கு ஒரு பெண் வந்தாள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை, தோளில் நைந்த உறையில் சொந்தக் கிட்டார்.

"அண்ணா, மொதல் ஸ்ட்ரிங் மட்டும் அறுந்துடுச்சு."

கடைக்காரர் புதுத் தந்தியைக் கோத்தார். முறுக்கினார், இழுத்து விட்டார், மறுபடி முறுக்கினார். புதுத் தந்தி இறங்கிக்கொண்டே இருக்கும், நிலைக்கு வர நேரமாகும். மிச்சமாக நீட்டிக்கொண்டிருந்த நுனியைக் கட்டரால் நறுக்கிவிட்டு அவளிடம் நீட்டினார்.

அவள் மீட்டியதும் அதேதான். ஆனால் அவள் பாடினாள். தனக்கே கேட்கிற அளவு மெல்லிய குரல். கண்கள் மூடியிருந்தன. ஒரு சொல்லுக்கு வரும்போது மட்டும் உதட்டோரம் சிரிப்பு வந்து போனது. யாரிடம் சொல்வதற்கு இந்த ஒத்திகையோ! அன்று திரையில் ஒரு பெண் பயத்தை விழுங்கிக்கொண்டு கேட்டிருந்த பாட்டு. இங்கே ஒரு பெண் அதை மடியில் வைத்துக்கொண்டு, தன் சொல்லாக, தன் விருப்பத்துக்குப் பாடுகிறாள். எனக்குத் தொண்டை அடைத்தது. தலையைக் குனிந்து துருத்தியின் பசை காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல இருந்துகொண்டேன். இவ்வளவு தூரம் அது நடந்து வந்திருப்பதை அந்த ஷோபா பார்க்காமல் போய்விட்டாரே.

நூற்றைம்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு அவள் போனாள். என் ஆர்மோனியமும் தயார். கடைக்காரர் துருத்தியை அமுக்கி, காற்று கசிகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். காசு கொடுத்த பிறகும் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

தெருவிளக்கு எரிந்தது. அவர் ஷட்டரைப் பாதி இறக்கினார், முழுவதும் இறக்கவில்லை. வாசலில் வண்டி ஒன்று நின்றது. பையன் ஹெல்மெட்டைக் கழற்றிப் பையின் மேல் வைத்துவிட்டுக் குனிந்து உள்ளே வந்தான். யாரும் எதுவும் பேசவில்லை. பெஞ்சில் சாய்ந்திருந்த பழுப்புக் கிட்டாரை எடுத்து மடியில் வைத்தான்.

முதலிலிருந்து தொடங்கவில்லை. மதியம் விட்டுப்போன இடத்தில், இரண்டாவது சரணத்தில் விரலை வைத்தான்.