சலவை யந்திரத்துக்கு ரிச்சித் தெரு வைத்தியம்

சென்னைக்கு வந்தால் மெரீனாவில் காற்று வாங்குவீர்கள். மயிலையில் கபாலீசுவரரைத் தரிசிப்பீர்கள். தியாகராய நகரில் புடவை எடுப்பீர்கள். ரிச்சித் தெருவுக்குப் போனதுண்டா? "அங்கே நமக்கு என்ன வேலை?" என்கிறீர்களா? உங்கள் வீட்டுச் சலவை யந்திரத்துக்கு வயதாகி, ஸ்விட்சைப் போட்டால் 'உம்...' என்று முனகிக்கொண்டு நிற்கிறதென்றால், அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது.

யந்திரம் படுத்துவிட்டால் அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வாளி வாளியாகப் போர்வையும் பாண்டும் பிழிந்த கைகளுக்குத்தான் அதன் அருமை தெரியும். "பழசைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கிவிடலாம்" என்று வீட்டில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் நாடி பார்ப்போம்.

இரட்டைத் தொட்டி யந்திரமென்றே வைத்துக்கொள்வோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துவைக்கும் தொட்டியின் அடியிலுள்ள சுழலியைக் கையால் திருப்பிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அடியில் ஹேர்பின்னோ, சில்லறைக் காசோ, நாடாத் துண்டோ சிக்கியிருக்கலாம். லகுவாகச் சுற்றியும், மின்சாரம் கொடுத்தால் முனகல் மட்டும் கேட்கிறதா? பெரும்பாலும் கண்டென்ஸர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மோட்டார் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டும் சுழலி அசையவில்லையானால், சந்தேகம் பெல்ட்டின் மேல். தானியங்கி யந்திரத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறதா? குழாயை மூடிவிட்டு, தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சின்ன வலையைக் கழற்றிப் பாருங்கள். போர்த் தண்ணீர் உப்பும் மணலும் அதை அடைத்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும், சுத்தம் செய்ய!

யந்திரத்தைத் தொட்டால் 'சுரீர்' என்கிறதா? அதோடு நிறுத்துங்கள். அது எலெக்ட்ரீஷியன் பார்க்க வேண்டிய வியாதி. ஈரக் கையோடு அதில் பரீட்சை வேண்டாம். கண்டென்ஸரும் அப்படித்தான், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதைக் கழற்றுவதும் மாட்டுவதும் விஷயம் தெரிந்தவர் கையில் இருக்கட்டும். வியாதி இன்னதென்று நீங்கள் சொல்லிவிட்டால், அவரும் வீணாக நாலு பாகத்தை மாற்றமாட்டார்.

கழற்றிய பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அண்ணா சாலையில், அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். பக்கத்திலேயே சிந்தாதிரிப்பேட்டை. 1730-களில் கும்பெனியார் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் அது. 'சின்னத் தறிப்பேட்டை'தான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவரோடு துணி வெளுப்பவருக்கும் அங்கே இடம் கொடுத்தார்கள். துணி பிறந்த பேட்டைக்கு அருகிலேயே துணி துவைக்கும் யந்திரத்துக்கு மருந்து கிடைப்பது பொருத்தம்தானே?

ரிச்சித் தெரு பெயருக்குத்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு பெரிய மின்னணுச் சந்தையாகவே வளர்ந்திருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் அடைந்துவிடும் கடைகள். கூரை வரை டப்பாக்கள். ஈயம் உருகும் வாசனை. நடுவே டீத் தம்ளர்களோடு ஓடும் பையன்கள். கூட்டத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பாகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

"பழசு இருக்காம்மா?" என்பார் கடைக்காரர். எடுத்து நீட்டுங்கள். கண்டென்ஸரின் மேல் மைக்ரோபாரட் அளவும் வோல்ட் அளவும் அச்சிட்டிருக்கும். புதியதில் மைக்ரோபாரட் அதே அளவு இருக்க வேண்டும். வோல்ட் குறையவே கூடாது. "இதுவும் ஓடும்" என்று வேறு அளவைக் கொடுத்தால் மரியாதையாக அடுத்த கடைக்கு நகருங்கள். பெல்ட்டானால் அதன் மேலுள்ள எண்ணைப் பாருங்கள். பில் கேட்டு வாங்க மறக்காதீர்கள்.

எல்லா வியாதிக்கும் மருந்து உண்டா என்றால், இல்லை. தொட்டி துருப்பிடித்து ஓட்டை விழுந்து, மோட்டாரும் கருகியிருந்தால், செலவைக் கணக்குப் பார்த்து அதற்கு விடை கொடுத்துவிடலாம். ஆனால் ஒரு கண்டென்ஸருக்கு ஆகும் செலவு பல வீடுகளில் ஒரு வாரக் காய்கறிச் செலவைக்கூட எட்டாது. அந்தச் சின்ன உருளைக்காக ஒரு நல்ல யந்திரத்தைப் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துப் போடுவது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்!

ஒரே ஒரு எச்சரிக்கை: ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வீட்டில் அழுக்குத் துணியோ குவிந்திருக்கும்!