ரயில் கார்டை எங்கே வெட்டுவது?

ஒரு திரையைக் காம்பொனென்ட்களாகப் பிரிக்க உட்காரும்போது, நாளைக்கு இதில் எதை, எதற்காக மாற்றச் சொல்லி வருவார்கள் என்றுதான் முதலில் யோசிப்பேன். தாம்பரத்தில் உள்ள மெப்ஸ் தொழில் வளாகத்தில் எங்கள் டீமில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை விளக்கத் தாம்பரம் ஸ்டேஷனே போதும்.

சென்னை பீச் ஸ்டேஷனுக்குப் போகும் மின்ரயிலும் அங்கிருந்து புறப்படுகிறது. தென்மாவட்ட எக்ஸ்பிரஸும் புறப்படுகிறது. இரண்டையும் காட்டும் பக்கம் எழுதச் சொன்னால் பெரும்பாலும் ஒரே ‘ட்ரெயின்கார்டு’தான் வரும். ஊர், நேரம், பிளாட்பாரம் என்று கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன! அப்புறம் எக்ஸ்பிரஸுக்கு வெயிட்டிங் லிஸ்ட் கேட்பார்கள், பெட்டி வரிசை கேட்பார்கள். மின்ரயிலில் ரிசர்வேஷனே கிடையாது. ஃபாஸ்ட் வண்டியா, பழவந்தாங்கலில் நிற்குமா, செங்கல்பட்டு வரை போகுமா என்பதுதான் அங்கே கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ட்ரூ-ஃபால்ஸ் ப்ராப் சேரும். 4 ப்ராப் சேர்ந்தால் 16 விதமான கார்டு. வெயிட்டிங் லிஸ்ட் உள்ள மின்ரயிலும் அதில் ஒன்று!

அதனால் நான் இரண்டு கார்டாகவே எழுதுவேன். ஓரமும் இடைவெளியும் தரும் சட்டகம் மட்டும் பொது. உள்ளே வருவதை ரியாக்டில் சில்ட்ரனாகக் கொடுத்துவிடலாம். சட்டகத்துக்கு ரயிலைப் பற்றி எதுவும் தெரிய வேண்டாம். சில வரிகள் இரண்டு இடத்திலும் வந்தால் வரட்டும். தனித்தனியாக இருப்பதைப் பிறகு சேர்ப்பது சுலபம். சேர்த்துப் பிசைந்ததைப் பிரிப்பதுதான் பெரும்பாடு.

ஃபோல்டரும் அப்படியே. மின்ரயிலின் கார்டு, ஹூக், ஸ்டைல், டெஸ்ட் எல்லாம் ஒரே இடத்தில். வேலையின் வகையை வைத்துப் பிரிப்பவர்களும் உண்டு. ரியாக்ட் உலகில் பெயர்பெற்ற டேன் அப்ரமோவ் 2015இல் காட்டுவதற்கு ஒரு காம்பொனென்ட், டேட்டா கொண்டுவர ஒன்று என்று பிரிக்கும் முறையை எழுதினார். பல டீம்கள் அதை விதியாகவே பிடித்துக்கொண்டன. 2019இல் ரியாக்டில் ஹூக்ஸ் வந்ததும், இனி அப்படிப் பிரிக்கச் சொல்லமாட்டேன் என்று அவரே எழுதிவிட்டார்.

ஸ்டேஷன் பெயரை மட்டும், ஒற்றை வரியானாலும், தனிக் காம்பொனென்ட்டாக வைக்கப் பிடிவாதம் பிடிப்பேன். ‘தாம்பரம் சானடோரியம்’ சின்ன போனில் அடங்காது; சுருக்கத்தான் வேண்டும். ‘தாம்பரம்’ நமக்கு 5 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் 8 என்கிறது, துணைக்காலையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஸ்லைஸ் போட்டு மூன்றில் வெட்டினால் புள்ளி உதிர்ந்து ‘தாம’ என்று நிற்கும். ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் ‘Intl.Segmenter’ கொண்டு எழுத்தெழுத்தாகப் பிரித்து வெட்டினால் ‘தாம்ப’ என்று ஒழுங்காக வரும். இந்த விவரம் அந்த ஒரு ஃபைலுக்குத் தெரிந்தால் போதும். இரண்டு கார்டுகளும் பெயரைக் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கலாம்.