மெடிக்கல் மேசைக்கு இந்தப் பக்கம்

ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்கு வரும் பையன்கள் பெரிதாகப் பயப்படுவது ஓட்டத்துக்குத்தான். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண் 60. புல்-அப்ஸ் பத்து எடுத்தால் 40. அதற்காக விடியும் முன்பே எழுந்து மாதக்கணக்கில் ஓடுகிறார்கள். 2023 முதல் ஆன்லைன் எழுத்துத் தேர்வும் முகாமுக்கு முன்பே நடந்துவிடுகிறது. ஆக, மெடிக்கலுக்கு வந்து நிற்பவன் படிப்பிலும் மைதானத்திலும் ஜெயித்தவன். ராணுவ மருத்துவராக அந்த மேசையில் உட்கார்ந்த காலமெல்லாம் இந்த நினைப்பு என்னை விட்டு அகன்றதில்லை.

குறை கண்டுபிடிப்பது கடினமில்லை. எந்தக் குறை தாங்கும், எது தாங்காது என்று பிரிப்பதுதான் வேலை. பாதம் தட்டையாகத் தெரிந்தால் உடனே எழுதிவிட மாட்டேன். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கச் சொல்வேன். உள்வளைவு எழும்பினால் அந்தப் பாதம் சுமை தாங்கும். எழும்பாமல் விறைத்தே இருந்தால், முதுகில் மூட்டையுடன் மலையேறும்போது வலி அவனை உட்கார வைத்துவிடும். நாடித்துடிப்பு எகிறினால் படுக்க வைத்து, பயம் தெளிந்த பிறகு மறுபடி பார்ப்பேன். காதில் குறும்பி அடைத்திருந்தால் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவே முடியாது. குறும்பியை எடுத்தால் தீரும் விஷயம். விதைப்பையில் ரத்தநாளங்கள் புடைத்திருக்கும் வேரிகோசீல் இருப்பது பல பையன்களுக்கு அங்கேதான் தெரியவரும். வெட்கத்தில் யாரிடமும் காட்டியிருக்க மாட்டார்கள். அறுவை சிகிச்சையில் சரியாகும் என்று திரைக்குப் பின்னால் வைத்தே சொல்லிவிடுவேன்.

சரியாகாதது நிறக்குருடு. நிறப்பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தின் முதல் பக்கத்தில் 12 என்ற எண் இருக்கும்; நிறக்குருடு உள்ளவருக்கும் அது தெரியும். பக்கங்களை வரிசையாக மனப்பாடம் செய்து வருபவர்களும் உண்டு என்பதால் அதற்குப் பிறகு நடுவிலிருந்து திறப்பேன். ஒரு பையன் 12-ஐத் தயங்காமல் சொன்னான். அடுத்து நான் திறந்த பக்கத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “சார், இதுல நம்பரே இல்லையே” என்றான். அதற்கடுத்த பக்கத்திலும் அவனுக்கு வெறும் புள்ளிகள்தான்.

“தம்பி, உன் தாய்மாமனுக்கு இப்படி இருக்கா?” என்று கேட்டேன். சிவப்பும் பச்சையும் குழம்பும் இந்தக் குறை பெரும்பாலும் தாய்வழியாக வருவது. “மாமா தோட்டத்துல தக்காளி பழுத்துடுச்சான்னு அத்தைகிட்ட கேட்டுத்தான் பறிப்பார் சார்” என்றான்.

அவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: “உன் கண்ணில் நோய் இல்லை. பார்வை மங்காது. இதற்கு மருந்தும் கிடையாது. ராணுவத்தில் நிறம் பார்த்து உயிர் காக்கும் வேலைகள் உண்டு. ரயில் ஓட்டுவதற்கும் இதே சோதனை வைப்பார்கள். சரி பண்ணித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதே. இந்தக் கண் தடையாக இல்லாத வேலைகள் நிறைய இருக்கு.” அவன் அழுதான். ஆனால் காரணம் தெரிந்துகொண்டு போனான்.

கிராமத்துப் பையன்கள் பலருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு டாக்டர் சோதித்துப் பார்ப்பது வாழ்க்கையில் அதுவே முதல் முறை. “அன்ஃபிட்” என்று மட்டும் எழுதி அனுப்பினால், தான் எதற்கும் லாயக்கில்லை என்றே அவன் எடுத்துக்கொள்வான். எந்த உறுப்பில் என்ன குறை, தற்காலிகமா நிரந்தரமா, ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனைக்கு எப்படிப் போவது என்று தமிழில் புரியச் சொல்வது மருத்துவரின் கருணை அல்ல, கடமை. கூட்டம் நெருக்கும்போது முதலில் விட்டுப்போவது இதுதான். விட்டுப்போகும் இடத்தில் இடைத்தரகர்கள் நுழைகிறார்கள்.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் இருக்கின்றன. அங்குள்ள பெற்றோரிடமும் பயிற்சி தருபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பையன் ஓடத் தொடங்கும் முதல் வாரமே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நிறப்பார்வை, காது, பல், ரத்த அழுத்தம், விதைப்பை, பாதம் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். முடியாதது என்றால், வேறு வழி தேட அவனுக்கு வயது மிச்சமிருக்கும்.