கூடி அசையும் மின்னணுக்கள்

கரியை நாம் எளிய பொருளாகவே கருதுகிறோம். அடுப்பில் படிவதும், விளக்கின்மேல் படர்வதும் அதுவே. ஆயினும் கரியணுக்கள் சிலவேளை ஒன்றுகூடி, உள்ளே வெற்றிடம் உடைய உருண்டைகளாக அமைகின்றன. 1985ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகிய அறிஞர்களும் அவர்தம் மாணவர்களும் இவ்வகை மூலக்கூற்றைக் கண்டறிந்தனர். ஃபுல்லரீன் என்பது அதன் பெயர். இதன்பொருட்டு அம்மூவரும் 1996ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு, ஓய்வு பெற்ற பின்னரே இத்தகைய செய்திகளைக் கற்கும் வாய்ப்புக் கிட்டிற்று. தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற இராணிப்பேட்டையில் வாழும் நான் இதன் வடிவை ஒரு காற்பந்தைக் கொண்டே விளங்கிக்கொண்டேன். பழைய வகைத் தோற்பந்தில் ஐங்கோணத் துண்டுகள் 12, அறுகோணத் துண்டுகள் 20 இணைத்துத் தைக்கப்பெற்றிருக்கும். அவற்றின் மூலைகள் கூடும் இடங்கள் 60. அவ்விடந்தோறும் ஒரு கரியணு இருப்பதாக எண்ணுக, அதுவே ஃபுல்லரீன். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறு செய்தால், அக்கூறு ஒன்றினும் அணுக்களாலாகிய அக்கூட்டின் குறுக்களவு சிறிது.

ஒவ்வொரு கரியணுவிலும் புற மின்னணுக்கள் நான்கு. ஆகவே இவ்வுருண்டையில் அவை 240. இவற்றின்மேல் ஒளி படும்போது நிகழ்வது யாது? தனித்தனியே ஒளியை ஏற்கும் மின்னணுக்களும் உண்டு. ஆயின் ஒளியின் ஆற்றல் தக்க அளவினதாயின், அனைத்தும் ஒருசேர ஒரு பக்கம் சாயும். நேர்மின் பொருந்திய கூடு அவற்றை மீட்டிழுக்கும். அவ்விரைவில் அவை மறுபக்கம் செல்லும். இடுப்பில் ஏந்திய குடத்து நீர், நடையின் கதியோடு தன் கதி ஒத்தவழி, முழுவதும் ஒன்றாக அலம்புவதைக் கண்டிருப்பீர்கள். இதுவும் அத்தகையதே. இக்கூட்டசைவை அறிஞர் பிளாஸ்மான் என்பர்.

இவ்வசைவு 1991ஆம் ஆண்டில் கணக்கினால் முன்னறிந்து கூறப்பெற்றது. 1992ஆம் ஆண்டில் சோதனையால் உறுதியாயிற்று. கண்ணுக்குப் புலனாகும் ஒளித்துகளின் ஆற்றல் ஏறத்தாழ 2 முதல் 3 எலக்ட்ரான் வோல்ட். இவ்வசைவை எழுப்பவோ ஏறத்தாழ 20 வேண்டும். ஆதலின் புற ஊதாக் கதிரே இதற்கு ஏற்றது. நம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்களும், ஃபுல்லரீனின் உள்ளே அடைபட்ட அணு ஒளிபட்டு மின்னணுவை இழக்கும் முறையைக் கணக்கிட்டு ஆராய்ந்துள்ளனர்.

மாணவர்களே, மின்னணு ஒன்றை மட்டும் எத்துணை ஆராயினும் இவ்வசைவை அதனிடம் காண இயலாது. இது கூட்டத்தில் மட்டுமே பிறக்கும் பண்பு. எங்கள் பாலாற்றுப் பகுதியில், தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர் நிலத்தையும் நீரையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தினர் ஒன்றுகூடி வழக்குத் தொடுத்தனர். 1996 ஆகஸ்டுத் திங்களில் உச்ச நீதிமன்றம், கேடு செய்தவரே ஈடு தருதல் வேண்டும் என்னும் நெறியை ஏற்றுத் தீர்ப்பளித்தது.

மின்னணுக்கள் இயற்கை விதியால் கூடுகின்றன. நன்மை தீமை அவற்றிற்கு இல்லை. மனிதரோ தாமே விரும்பிக் கூடுபவர். எதன்பொருட்டுக் கூடுகிறோம் என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பும் நம்முடையதே.